பாயைச் சுருக்கத் தெரிந்தவன்: நாகப்பட்டினம் கடற்போர், 1782

கம்ப்யூட்டரில் பாய்மரக் கப்பல் சண்டை ஆடியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எதிரிக் கப்பல் கண்ணில் பட்டதுமே விரல் எல்லாப் பாயையும் விரிக்கிற பட்டனுக்குத்தான் போகும். கப்பல் பறக்கும். பறந்து எதிரியைத் தாண்டிப் போய்விடும். திரும்பலாம் என்றால் வளையாது. அதற்குள் எதிரி நிதானமாகப் பாதிப் பாயைச் சுருட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே வட்டமடித்து நம் முதுகில் குண்டு போடுவான். 2004இல் வந்த 'சித் மையர்ஸ் பைரேட்ஸ்' ஆடிய என் வகுப்பு நண்பர்கள் எல்லோரும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். பாயைக் குறைத்தால் சீக்கிரம் திரும்பலாம், பாய்க்குச் சேதமும் குறைவு என்று அந்த ஆட்டமே சொல்லிக் கொடுத்துவிடும்.

அது ஆட்டம் எழுதியவர்கள் சும்மா கற்பனை செய்த விதி இல்லை. நம் கரையில், நம் காற்றில், நிஜமான ஆட்களை வைத்து ஆடிப் பார்த்த கணக்கு. 1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை பதினாறு மாதத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஐந்து பெரிய கடற்சண்டை போட்டார்கள். சதுரங்கப்பட்டினம், இலங்கைக் கிழக்குக் கரையில் புரோவிடியன் பாறை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். ஐந்தும் நம் பக்கம்தான். பள்ளிப் புத்தகத்தில் இரண்டாம் ஆங்கில-மைசூர்ப் போர் என்றால் ஹைதர் அலி வருவார், அயர் கூட் வருவார், 1781 பரங்கிப்பேட்டைச் சண்டை வரும். கடலுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம்.

எங்கள் ஊர் ஏரல். தாமிரபரணியோடு கீழே போனால் ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல், அப்புறம் கடல். (பழைய தமிழில் ஏரல் என்றாலே ஒரு வகைக் கிளிஞ்சல்தான், அது தனிக்கதை.) அந்தக் கரையில் பாய்ச் சொற்கள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. கப்பலின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். பாயைக் கட்டித் தொங்கவிடும் குறுக்கு மரம் பருமல். அதை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். தூத்துக்குடித் தோணிகளைப் பற்றிய 'கொற்கை' நாவலுக்கு ஜோ டி குருஸ் 2013இல் சாகித்ய அகாடமி விருது வாங்கினார் இல்லையா, அந்த உலகத்துச் சொற்கள். இந்தப் பதிவுக்கு எனக்கு இவையே போதும்.

முதலில் காற்றுக் கணக்கு. அந்தக் காலத்துப் பெரிய போர்க்கப்பலில் மூன்று பாய்மரம். ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகப் பருமல், ஒவ்வொரு பருமலிலும் அகலமான பாய். பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ காற்று வந்தால் ராஜா மாதிரி போகும். ஆனால் காற்று வரும் திசைக்கு நேராகப் போகவே முடியாது. சுமார் 65, 70 டிகிரியாவது விலகித்தான் போக வேண்டும். அதாவது காற்று வரும் பக்கம் ஓர் இடத்துக்குப் போக வேண்டுமென்றால் இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் என்று கோணல்மாணலாகவே ஏற வேண்டும். ஆற்றில் எதிர்நீச்சல் போடுகிற மாதிரி.

அதனால் சண்டைக்கு முதல்நாளே தளபதிகள் போட்டி போடுவது ஓர் இடத்துக்குத்தான்: காற்று வரும் பக்கம் யார் இருப்பது? அங்கே இருப்பவன் நினைத்த நேரத்தில் எதிரிமேல் இறங்கலாம், வேண்டாமென்றால் ஒதுங்கி நிற்கலாம். பீரங்கிப் புகையும் எதிரி பக்கம் போய்விடும். ஆனால் அதிலும் சிக்கல் உண்டு. காற்று பலமாக இருந்தால் கப்பல் எதிரி பக்கமாகச் சாயும். கீழ்த்தட்டுப் பீரங்கிதான் பெரியது, அதன் ஜன்னல்களோ தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவை. திறந்தால் கடல் உள்ளே வரும். இன்னொன்று, பாய்மரம் முறிந்தால் காற்று உங்களை நேராக எதிரி வரிசைக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும். காற்று போகும் பக்கம் நிற்பவனுக்கு மரம் முறிந்தால் அவன் தானாகவே சண்டையை விட்டு மிதந்து விலகிவிடுவான்.

சண்டை தொடங்கும்போது பாயைக் குறைத்துவிடுவார்கள். அடிமரத்துப் பெரிய பாய்களை மேலே சுருட்டிக் கட்டிவிட்டு நடு அடுக்குப் பாய்களை மட்டும் வைத்துக்கொள்வார்கள். காரணம் மூன்று. கீழ்ப்பாய் தொங்கினால் எதிரி தெரியாது. பீரங்கி வாயிலிருந்து வரும் நெருப்பு அதில் பற்றும். மூன்றாவதுதான் முக்கியம்: பத்துப் பன்னிரண்டு கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் போக வேண்டும், இடைவெளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு கப்பல் வேகமாகப் போனால் முன்னால் போகிறவன் அமரத்தில் இடிக்கும். பிரேக் கிடையாதே! அதற்குப் பதில் கடைசி மரத்துப் பாயைத் திருப்பி, காற்று அதன் முன்பக்கத்தில் படும்படி வைப்பார்கள். ஒரு பாய் முன்னே தள்ள, இன்னொரு பாய் பின்னே தள்ள, கப்பல் ஊர்ந்து போகும். வரிசையில் தன் இடத்தை விடாமல் பிடித்துவைக்கிறவன்தான் அங்கே கெட்டிக்காரன், வேகமாகப் போகிறவன் இல்லை.

இனி ஆட்கள். ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸ். வயதானவர், கனத்த உடம்பு, இந்தியக் கடலில் முன்பே ஒருமுறை தளபதியாக இருந்தவர். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென், 1729இல் புரோவான்ஸில் பிறந்தவர். அவரும் குண்டுதான். பயங்கரக் கோபக்காரர். ஹியூஸுக்கு வரிசை கலையக் கூடாது. சுஃப்ரெனுக்கு எதிரி வரிசையின் ஒரு பாதியைத் தனியாகப் பிரித்து அடித்து நொறுக்க வேண்டும். ஹைதருக்குக் கரையில் பிரெஞ்சு உதவி கிடைக்குமா இல்லையா என்பது இவர்கள் இருவரின் பாயைப் பொறுத்து இருந்தது. 1780இல் ஹைதர் படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியதிலிருந்து ஊர்கள் எரிந்து கிடந்தன, மெட்ராஸில் அரிசிப் பஞ்சம். அரிசி வர வேண்டியதும் கடல் வழியாகத்தான்.

முதல் சண்டை 1782 பிப்ரவரி 17, சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே. ஹியூஸிடம் 9 கப்பல், சுஃப்ரெனிடம் 12. காற்று வடகிழக்கிலிருந்து, லேசாக, விட்டுவிட்டு. காற்று வரும் பக்கத்தில் பிரெஞ்சுக்காரர். சுஃப்ரென் ஆங்கில வரிசையின் பின்பாதிமேல் இறங்கினார். ஹியூஸின் முன்வரிசைக் கப்பல்கள் திரும்பி வந்து உதவலாம் என்றால், அவற்றுக்கு அது எதிர்க்காற்று. கண்ணுக்கு முன்னால் தன் ஆட்கள் அடிவாங்க, பாயை என்ன செய்தாலும் திரும்ப முடியவில்லை. வரிசையின் கடைசியில் இருந்த எக்ஸெட்டர் கப்பல் கிட்டத்தட்ட உடைந்தே போனது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தென்கிழக்கிலிருந்து ஒரு காற்று அடித்தது. ஆங்கிலக் கப்பல்களின் முகத்தை அதுவே எதிரி பக்கம் திருப்பிவிட்டது. சுஃப்ரெனின் தலைவர்கள் பாதிப்பேர் சொன்னபடி நெருங்கி வரவில்லை என்பதும் ஹியூஸ் தப்பியதற்கு ஒரு காரணம். ஏப்ரல் 12இல் புரோவிடியன் பாறையருகே நடந்ததும் ஏறக்குறைய இதே கதைதான், இந்தமுறை ஹியூஸுக்கு முதுகுப் பக்கம் கரை வேறு.

மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது.

நாகப்பட்டினம் டச்சுக்காரர் கோட்டை. அதை 1781 நவம்பரில் ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். சுஃப்ரெனுக்கு அது வேண்டும். கோட்டை, கரையோரத்தில் நங்கூரம் போட இடம், பின்னால் தஞ்சாவூர் நெல். கடலூரிலிருந்து தெற்கே இறங்கி ஜூலை 5ஆம் தேதி நாகப்பட்டினத்தை நெருங்கினார். அங்கே ஹியூஸ் ஏற்கெனவே நங்கூரம் போட்டு நின்றிருந்தார். அன்று மதியம் திடீரென்று ஒரு சூறை அடித்து, பிரெஞ்சு அணியின் அஜாக்ஸ் கப்பலில் மேல்மரங்கள் முறிந்து விழுந்தன. குண்டு ஒன்றுகூடப் போடாமலே பன்னிரண்டு பதினொன்றானது. ஹியூஸிடமும் பதினொன்று.

ஹியூஸ் உடனே நங்கூரத்தைத் தூக்கினார், ஆனால் எதிரியை நோக்கிப் போகவில்லை. இரவு முழுக்கத் தெற்கே போனார். அது தென்மேற்குப் பருவக் காலம். தெற்கே போய்விட்டால் விடியும்போது காற்று வரும் பக்கம் தன்னுடையது. அப்படியே நடந்தது. என் கணிப்பு, இதில் இன்னொரு கணக்கும் இருந்திருக்கும். இந்தக் கரையில் ஆனி, ஆடியில் காலையில் நிலத்திலிருந்து தென்மேற்குக் காற்று, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து தென்கிழக்கை ஒட்டிய காற்று. இதை ஹியூஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இந்தக் கடலில் வருஷக்கணக்கில் கிடந்தவர். கட்டுமரக்காரர்களுக்கோ அது தினசரி டைம்டேபிள். விடியும் முன் கரைக்காற்றில் போவதும் மதியம் கடல்காற்றில் திரும்புவதும் அதை வைத்துத்தான். தெற்கே நின்றவனுக்கு இரண்டு காற்றிலும் பெரிய நஷ்டமில்லை.

ஜூலை 6, காலை பதினொரு மணி வாக்கில் குண்டுவீச்சு தொடங்கியது. இரண்டு வரிசைகளும் ஏறக்குறைய தென்தென்கிழக்கு நோக்கிப் பக்கத்துப் பக்கத்தில் ஊர்ந்தன. நடுவில் இருந்தவை நெருங்கி மோதின. பிரில்லான் என்ற பிரெஞ்சுக் கப்பலின் நடுப் பாய்மரம் சாய்ந்தது. மதியம் ஒரு மணி நெருங்கும்போது காற்று மாறியது. தென்மேற்கு நின்று, தென்தென்கிழக்கிலிருந்து கடல்காற்று.

அதாவது கப்பல்கள் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தனவோ அந்தப் பக்கத்திலிருந்தே. அணியத்துக்கு நேர் எதிரில். தள்ளிக்கொண்டிருந்த பாய்களில் இப்போது முன்பக்கமாகக் காற்று அறைந்தது. இருபத்திரண்டு கப்பல்களும் ஒரே நேரத்தில் நின்றன. சில பின்னால் போயின. நிற்கிற கப்பலுக்குச் சுக்கான் வேலை செய்யாது, தண்ணீர் ஓடினால்தானே சுக்கானுக்குப் பிடிப்பு? எந்தக் கயிற்றை எவன் முதலில் இழுத்தான், எந்தப் பாயில் ஓட்டை குறைவு என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சுழன்றது. பெரும்பாலானவை எதிரியை விட்டு விலகும் பக்கமாகத் திரும்பின. நான்கு ஆங்கிலக் கப்பல்களும் இரண்டு பிரெஞ்சுக் கப்பல்களும் எதிர்ப்பக்கமாகத் திரும்பி, இரண்டு வரிசைக்கும் நடுவே மாட்டிக்கொண்டன.

மாட்டிய பிரெஞ்சுக் கப்பல்களில் ஒன்று செவேர். அதன் தலைவர் பயந்துபோய்க் கொடியை இறக்கச் சொல்லிவிட்டார். கொடி இறங்கினால் சரணடைந்ததாக அர்த்தம். அதைப் பிடிக்க ஆங்கிலக் கப்பல் சுல்தான் பாயைப் பின்னடித்து நின்றது. அதற்குள் செவேரின் மற்ற அதிகாரிகள் சரணடைய மாட்டோம் என்று மறுத்துவிட்டு, மறுபடியும் சுடத் தொடங்கினார்கள். அசையாமல் நின்ற சுல்தானின்மேல் அத்தனையும் விழுந்தது. மறுநாள் ஹியூஸ் வெள்ளைக்கொடியோடு ஆளனுப்பி, சரணடைந்த கப்பல் எங்களுக்கே சொந்தம், கொடுங்கள் என்றார். கொடி தாழ்ந்தது கொடிக்கயிறு குண்டில் அறுந்ததால்தான் என்று சுஃப்ரென் பதில் சொல்லி அனுப்பிவிட்டார். செவேரின் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கவும் அவர் மறக்கவில்லை. :-)

ஆங்கிலேயரில் 77 பேர் இறந்தார்கள், பிரெஞ்சுக்காரரில் 178. காயம்பட்டவர்கள் பல நூறு. கப்பல் ஒன்றும் மூழ்கவில்லை, ஒன்றும் பிடிபடவில்லை. ஹியூஸ் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே நங்கூரம் போட்டார், சுஃப்ரென் காரைக்காலுக்கு ஒதுங்கினார். இதை 'முடிவில்லாத சண்டை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுஃப்ரென் வந்தது நாகப்பட்டினத்தைப் பிடிக்க, அது நடக்கவில்லை. இரவு முழுக்கத் தெற்கே போனவர் ஊரைக் காப்பாற்றிவிட்டார்.

இங்கே கேம் காட்டாத ஒரு விஷயம். ஆட்டத்தில் பாய் கிழிந்தால் துறைமுகத்துக்குப் போய்க் காசு கொடுத்தால் சரியாகிவிடும். சுஃப்ரெனுக்கு இந்தப் பக்கம் முழுக்க ஒரு நல்ல துறைமுகம் இல்லை. கடலூரில் திறந்த கடலில்தான் நங்கூரம். பாய்மரத்துக்கு ஏற்ற நெடுமரம் நம் பனையிலும் பூவரசிலும் கிடைக்காது. அதனால் சின்னப் போர்க்கப்பல்களின் மரங்களைக் கழற்றிப் பெரிய கப்பல்களில் நட்டார். அந்த நிலையிலும் ஹியூஸுக்கு முன்னால் தயாராகிவிட்டார் என்பதுதான் ஆச்சரியம். ஜூலை கடைசியில் ஹைதர் அவரைப் பார்ப்பதற்காகவே கடலூர்ப் பக்கம் வந்தார். ஆகஸ்ட் முடிவதற்குள் சுஃப்ரென் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்துவிட்டார். ஹியூஸ் வந்து சேர்ந்தது செப்டம்பர் 2ஆம் தேதி. கோட்டையில் பிரெஞ்சுக் கொடி.

மறுநாள் ஹியூஸ் செய்த வேலை பாய் நிர்வாகத்துக்குப் பாடம். அவரிடம் 12, எதிரியிடம் 14. தென்மேற்குக் காற்று. அவர் காலையிலிருந்து மதியம் வரை காற்றோடு மெல்ல விலகி விலகிப் போனார். ஓடுவதுபோலவும் இல்லை, நிற்பதுபோலவும் இல்லை. வரிசை மட்டும் கலையவில்லை. துரத்தி வந்த பிரெஞ்சு அணியில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒவ்வொரு வேகம். சில கப்பல்களின் அடிப்பக்கத்துக்குத்தான் செம்புத் தகடு, மற்றவற்றில் பாசியும் சிப்பியும். வரிசை கோணலானது. பொறுமை இழந்த சுஃப்ரென், தன் கட்டளைக் கொடியைக் கவனிக்கச் சொல்லி ஒரு பீரங்கியை வெடிக்கச் சொன்னார். சொந்தக் கப்பல்காரர்கள் அதைச் 'சுடு' என்ற உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள். தூரத்திலிருந்தே எல்லோரும் சுட, சுஃப்ரெனின் எரோ கப்பலும் இன்னும் இரண்டும் மட்டும் ஆங்கில வரிசையின் நடுவில் தனியாகச் சிக்கின. எரோவின் நடு மரம் கொடியோடு விழுந்தது. சரணடைந்துவிட்டார்கள் என்று ஆங்கிலேயர் ஆரவாரம் செய்தார்கள். கப்பலைச் சுற்றி இருக்கிற வெள்ளைக் கொடியெல்லாம் ஏற்றச் சொல்லிக் கத்தினாராம் சுஃப்ரென் (அப்போது பிரெஞ்சுக் கொடியே வெள்ளைதான்). சாயங்காலம் காற்று மறுபடி மாறி, மற்ற பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து சேர்ந்ததால் தப்பித்தார்.

ஐந்து சண்டையிலும் ஒரு பெரிய கப்பல்கூட எதிரியிடம் போகவில்லை. ஆனால் சுஃப்ரென் இரண்டு கப்பல்களைத் தரைதட்டி இழந்தார், ஒன்று திருகோணமலை வாயிலில், ஒன்று கடலூரில். அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவக்காற்று வந்தது. மெட்ராஸில் அப்போது துறைமுகம் கிடையாது, வெறும் கடற்கரை. ஹியூஸ் பாயை விரித்துக்கொண்டு புயலுக்கு முன்னால் கடலுக்குள் போய்விட்டார். அங்கே நின்ற வணிகக் கப்பல்களுக்கும் நாட்டுப் படகுகளுக்கும் அது முடியவில்லை. பஞ்சத்தில் கிடந்த ஊருக்கு அரிசி ஏற்றி வந்தவை கரையில் மோதி நொறுங்கின. போர் வரலாறுகளில் இது இரண்டு வரியில் முடிந்துவிடும். அந்த அரிசிக்காகக் காத்திருந்தவர்கள் கணக்கில் எந்தச் சண்டையையும்விட இதுவே பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

அந்த டிசம்பரில் ஹைதர் இறந்தார். 1783 ஜூனில் ஆங்கிலப் படை கடலூரைத் தரைவழியாக முற்றுகையிட்டது. கடலில் ஹியூஸிடம் இப்போது 18 கப்பல், சுஃப்ரெனிடம் 15. ஆனால் பாயை இழுக்க ஆள் வேண்டுமே. 74 பீரங்கிக் கப்பலுக்கு 600 பேருக்கு மேல் தேவை. ஒரு பக்கம் பீரங்கிக்கு ஆள், ஒரு பக்கம் கயிற்றுக்கு ஆள். ஆங்கிலக் கப்பல்களில் சொறிகரப்பான் நோய் (வைட்டமின் சி குறைவால் வருவது) நூற்றுக்கணக்கானவர்களைப் படுக்க வைத்திருந்தது. சுஃப்ரெனிடமும் ஆள் பஞ்சம்தான். கடலூர்க் கோட்டையிலிருந்து 1200 பேரைக் கடன் வாங்கினார். அதில் பாதிப்பேர் நம்மூர்ச் சிப்பாய்கள். கடற்சண்டைக்குச் சேராதவர்கள், சம்பளம் நிலத்தில் சுடுவதற்கு. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் பெரிதாக வராது. பல நாள் காற்றுக்காக இரண்டு அணியும் முன்னும் பின்னும் நகர்ந்தன. ஜூன் 20 மாலை, காற்று வரும் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு சுஃப்ரென் இறங்கினார், இருட்டும் வரை சண்டை. ஹியூஸ் மெட்ராஸுக்குப் பின்வாங்கினார். சுஃப்ரென் கடன் வாங்கிய ஆட்களைக் கரையில் திருப்பி இறக்கினார்.

ஜூன் 29இல் மெட்ராஸிலிருந்து மெடியா என்ற கப்பல் சமாதானக் கொடியோடு கடலூருக்கு வந்தது. ஐரோப்பாவில் ஜனவரி 20ஆம் தேதியே உடன்பாடு கையெழுத்தாகியிருந்தது. ஐந்து மாதம் முன்பே! 1784இல் டச்சுக்காரரோடு செய்த உடன்படிக்கையில் திருகோணமலை டச்சுக்காரருக்கே திரும்பிப் போனது. நாகப்பட்டினத்தை மட்டும் ஆங்கிலேயர் திருப்பித் தரவில்லை.